ஏரியும் தோப்பும் எங்கள் கண்ணங்குறிச்சியும்



மலர்க் குழுவினர் என்னிடம் வந்து, "சார், ஏதாவது பழைய ஞாபகம் எழுதிக் கொடுங்க. விடுதிச் சாப்பாடு, கேண்டீன் டீ எல்லாம் நிறைய வந்திருச்சு. நீங்க வரலாறு படிச்சவர், கொஞ்சம் வரலாறா எழுதுங்க" என்று கேட்டார்கள். வரலாறு என்றதும் என் மனசு டெல்லிக்கும் போகவில்லை, தஞ்சாவூருக்கும் போகவில்லை. செர்ரி ரோட்டில் இருந்து சைக்கிளில் கிளம்பி, அஸ்தம்பட்டி, சின்னத்திருப்பதி தாண்டி, நேராக எங்கள் ஊர் ஏரிக்கரையில் போய் நின்றது.

உங்களில் பலருக்குக் கண்ணங்குறிச்சி தெரியும். ஞாயிற்றுக்கிழமை விடுதியில் இருந்து கூட்டமாக வந்து எங்கள் தோப்பில் மாங்காய் அடித்தவர்கள் இந்த மலரைப் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கணக்கு இன்னும் பாக்கி இருக்கிறது! அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது அந்தத் தோப்பின் கதை. அந்தத் தோப்பை வாழவைத்த ஏரியின் கதை. கொஞ்சம் என் தப்பின் கதையும்கூட.

மலையடி ஊர்

நம் கல்லூரிக்கு ஒரு நீண்ட பரம்பரை உண்டு. 1857-இல் பள்ளியாகத் தொடங்கி, 1879-இல் கல்லூரியானது. நான் 1971-இல் பி.யு.சி. சேர்ந்து, 1975-இல் பி.ஏ. வரலாறு முடித்து வெளியே வந்தவன். அந்த நாலு வருஷமும் தினமும் காலையில் ஊரில் இருந்து சைக்கிளில் வருவேன். நாலைந்து கிலோமீட்டர் தூரம்தான். ஆனால் அதற்குள் உலகமே மாறிவிடும். இங்கே கலெக்டர் ஆபீஸ், கோர்ட், பஸ் இரைச்சல். அங்கே புளியமரம், வயல், கமலைக் கிணறு, எதிரே சுவர் மாதிரி சேர்வராயன் மலை.

சேலம் டவுன் கடல்மட்டத்தில் இருந்து 300 மீட்டருக்கும் குறைவு. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இந்த இரண்டுக்கும் நடுவில், மலை முடிந்து சமவெளி ஆரம்பிக்கிற மடிப்பில் உட்கார்ந்திருக்கிறது எங்கள் ஊர். மலைச்சரிவில் பெய்கிற மழை ஓடைகளாக இறங்கி முதலில் புதுஏரிக்கு வரும். அது நிறைந்தால் மிச்சம் மூக்கனேரிக்கு. மூக்கனேரி சுமார் 58 ஏக்கர். அதுவும் நிறைந்து கோடி போனால் தண்ணீர் சேலத்துப் பக்கம் இறங்கி, கடைசியில் திருமணிமுத்தாற்றைத்தான் சேர வேண்டும். திருமணிமுத்தாறு டவுனைக் கடந்து நாமக்கல் பக்கம் ஓடி, நஞ்சை இடையாறு அருகே காவிரியில் கலக்கிறது. ஆக, எங்கள் ஊரில் ஒரு வாய்க்காலை அடைத்தால் கேட்க வேண்டியவர்கள் காவிரிக்கரை வரைக்கும் இருக்கிறார்கள்.

எங்கள் வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் வகுப்பில் அடிக்கடி சொல்வார்: "ஊர் வரலாறு எழுதணும்னா கோயில் கல்வெட்டுல மட்டும் தேடாதீங்கப்பா. ஏரிக்கரையில போய் நின்னு, தண்ணி எங்கேயிருந்து வருது, எங்கே போகுதுன்னு பாருங்க. யார் பணக்காரன், யார் ஏழை, யார் யாரோட சண்டை போட்டான், எல்லாம் தெரிஞ்சுடும்." அப்போது சிரித்தோம். இப்போது புரிகிறது.

ஏரி யாருடையது?

சேலம் சீமை 1792-இல் திப்பு சுல்தானோடு நடந்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கம்பெனியார் கைக்கு வந்தது. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் நிர்வாகத்துக்கு வந்தார். அவருக்கு உதவியாளராக வந்தவர்களில் ஒருவர்தான் பிற்பாடு சென்னை கவர்னரான தாமஸ் மன்றோ. நிலத்தை ஜமீன்தாரிடம் கொடுக்காமல், உழுகிற குடியானவனிடமே நேராக வரி வாங்குகிற ரயத்துவாரி முறைக்கு இவர்கள் வடிவம் கொடுத்தது நம் சேலம், பாரமகால் மண்ணில்தான். இதைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தோம். ஐந்து மார்க் கேள்வி!

பிறகு ரீட் போன கையோடு நிலங்களை மிட்டா மிட்டாவாகப் பிரித்து ஏலம் விட்டார்கள். எடுத்தவர்களில் பலர் கட்ட முடியாமல் கைவிட்டார்கள். அதிகாரிகள் மாறினார்கள், வரி முறை மாறியது. ஆனால் ஒன்று மட்டும் ஊரோடு இருந்தது. ஏரியைக் காப்பது குடிகளின் வேலை. குடிமராமத்து என்பது அதற்குப் பெயர். வருஷத்துக்கு ஒருமுறை ஏரிக்குக் கீழே நிலம் உள்ளவர்கள் எல்லாரும் கூடை மண்வெட்டியோடு வந்து கரையைப் பலப்படுத்த வேண்டும், வாய்க்காலைத் தூர் எடுக்க வேண்டும். 1858-இல் ஆங்கிலேய அரசு இதைச் சட்டமாகவே ஆக்கியது. வழக்கமான அந்த உழைப்பைத் தராதவரிடம் உழைப்பின் மதிப்பைப்போல் இரண்டு மடங்கு வசூலிக்கலாம் என்றது அந்தச் சட்டம்.

என் தாத்தாவுக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியாது. ஆனால் ஆடி பிறந்தால் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கரைக்குப் போய்விடுவார். "நம்ம வயலுக்கு வர்ற தண்ணி, நாம போகாம யாரு போவா?" என்பார். அவருக்கு ஏரிக்குக் கீழே ஒன்றரை ஏக்கர் வயல். மேட்டில் ஒரு ஏக்கர் மாந்தோப்பு. மல்கோவா நாலு மரம், இமாம்பசந்து இரண்டு, மீதியெல்லாம் குண்டு. வயல் சோறு போட்டது. தோப்பு எனக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டியது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஏரியைக் காத்தது நல்ல மனசு மட்டுமல்ல. தண்ணீர் இல்லாவிட்டால் சோறு இல்லை என்கிற நிலைமைதான் காத்தது. ஆயக்கட்டு இருந்தவரைக்கும் ஏரிக்குக் காவல் இருந்தது. இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கூப்பிடாமல் வந்த விருந்தாளிகள்

பச்சையும் தண்ணீரும் இருக்கிற இடத்துக்கு டவுன்காரர்கள் ஆசைப்படுவது புதுசு இல்லை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காப்பிச் செடியைக் கொண்டுவந்து வைத்தார். வெயிலுக்கு மலை ஏறுகிற வெள்ளைக்காரர்களுக்கு எங்கள் மலையடிதான் வாசல். சேலம் 1866-இல் நகராட்சியானது. அதிகாரிகளின் பங்களாக்கள் டவுனின் நெரிசலை விட்டு விலகி அஸ்தம்பட்டிப் பக்கம் வந்தன. நிழலான சாலை என்றால் எல்லாம் இனிமை என்றும் நினைக்க வேண்டாம். அதே அஸ்தம்பட்டியில் உள்ள மத்திய சிறையில்தான் 1950 பிப்ரவரி 11-ஆம் தேதி நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் உயிரிழந்தார்கள். அந்த வழியாகச் சைக்கிள் மிதிக்கும்போதெல்லாம் எங்கள் பேராசிரியர் சொன்ன அந்தத் தேதி ஞாபகத்துக்கு வரும்.

அடுத்த விருந்தாளி சினிமா. 1930-களின் நடுவில் டி.ஆர். சுந்தரம் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவைத் தொடங்கினார். சென்னையில் இல்லாத வசதி இங்கே என்ன? கூப்பிடு தூரத்தில் மலை, ஓடை, ஏரி, தோப்பு! முதல் படம் 'சதி அகல்யா' 1937-இல் வந்தது. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938-இல் இங்கிருந்துதான் போனது. கலைஞர் வசனம் எழுதி, எம்.ஜி.ஆர். நடித்த 'மந்திரி குமாரி' 1950. முழுவதும் வண்ணத்தில் வந்த முதல் தமிழ்ப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956. சுந்தரம் 1963-இல் காலமானார். நாங்கள் படித்தபோதும் ஸ்டூடியோ நடந்துகொண்டுதான் இருந்தது. கேட் அருகே நின்று யாராவது நடிகை காரில் போகிறாரா என்று பார்த்துப் பார்த்து முதல் பீரியட் தவறவிட்டவர்கள் பெயரை இங்கே எழுதினால், பேரன் பேத்தி எடுத்தவர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். இன்றைக்கு ஸ்டூடியோ இருந்த இடம் குடியிருப்பு. பழைய நுழைவு வளைவு மட்டும் சாட்சியாக நிற்கிறது.

தோட்ட நகரமும் மனைப் பிரிவும்

நகரத்துக்குப் பக்கத்தில், ஆனால் நகரமாக இல்லாமல், மரத்தோடும் தோட்டத்தோடும் வாழ வேண்டும் என்கிற ஆசை உலகம் முழுக்க உண்டு. இங்கிலாந்தில் எபனேசர் ஹோவர்ட் 1898-இல் தோட்ட நகரம் என்ற திட்டத்தைப் புத்தகமாக எழுதினார். 1903-இல் லெச்வொர்த் என்ற ஊரையே அப்படிக் கட்ட ஆரம்பித்தார்கள். அதில் முக்கியமான விஷயம் மரம் நடுவது இல்லை. நிலம் ஊருக்குப் பொதுவாக இருக்க வேண்டும், ஊரைச் சுற்றி விவசாயம் நிலையாக இருக்க வேண்டும் என்பதுதான். 1914-இல் சென்னை மாகாணத்துக்கு வந்த பாட்ரிக் கெடஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் நம் ஊர்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கொசுவுக்குப் பயந்து குளத்தைத் தூர்க்காதீர்கள், சுத்தம் செய்து மீன் விடுங்கள், வாத்து விடுங்கள் என்று சொன்னார். 1920-இல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டமும் வந்தது.

ஆனால் எங்கள் ஊருக்கு வந்தது ஹோவர்டும் இல்லை, கெடசும் இல்லை. மஞ்சள் பெயின்ட் அடித்த மனைக் கல்தான் வந்தது.

நான் படிப்பு முடித்து வேலைக்காக வெளியூர் போய்விட்டேன். தாத்தா போன பிறகு அப்பாவால் பண்ணையம் பார்க்க முடியவில்லை. கூலி கட்டவில்லை, கிணற்றில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது, தங்கை கல்யாணம் வேறு. 1988-இல் ஒன்றரை ஏக்கர் வயலில் பெரும்பகுதியை மனைக்குக் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அந்தப் பணத்தில்தான் தங்கை நகை போட்டுப் போனாள். பக்கத்து வயல்காரர்களும் ஒவ்வொருவராகக் கொடுத்தார்கள். விளம்பர நோட்டீசில் "இயற்கை எழில் கொஞ்சும் ஏற்காடு மலையடிவாரத்தில்" என்று போட்டிருந்தார்கள். வாங்க வந்தவர்களும் அந்த எழிலுக்காகத்தான் வந்தார்கள். ஆனால் ஒவ்வொருவர் வந்து இறங்கும்போதும் இரண்டு மரம் விழுந்தது.

1994 ஜூன் 1-ஆம் தேதி சேலம் மாநகராட்சியானது. சூரமங்கலம் முதலிய ஊர்கள் அதில் சேர்ந்தன. கண்ணங்குறிச்சி தனிப் பேரூராட்சியாகவே நின்றது. "நாம இன்னும் கிராமம்தான்" என்று எங்களுக்குள் பெருமை. ஆனால் ஏரிக்குக் கீழே நெல் இல்லை. நெல் இல்லாததால் ஆயக்கட்டு இல்லை. ஆயக்கட்டு இல்லாததால் ஆடியில் மண்வெட்டி எடுக்க ஆள் இல்லை. ஏரிக்குத் தாலி கட்டியவர்கள் எல்லாரும் ஊரைவிட்டுப் போன மாதிரி ஆகிவிட்டது. அதன் பிறகு அது குப்பை கொட்டுகிற இடம், சாக்கடை விடுகிற இடம், சதுர்த்தி முடிந்து பிள்ளையாரைக் கரைக்கிற இடம். கருவேல முள் உள்ளே இறங்கிவிட்டது.

நான் அடைத்த வாய்க்கால்

இதுவரைக்கும் ஊரைப் பற்றிச் சொன்னேன். இனி என்னைப் பற்றி.

மாற்றலாகி ஊருக்கே வந்து, 1996-இல் எஞ்சியிருந்த நிலத்தில் வீடு கட்டினேன். நிலத்தின் ஓரமாக, தாத்தா காலத்து வயல் வாய்க்கால் ஒன்று ஓடியது. இரண்டடி அகலம்தான். பத்து வருஷமாக அதில் தண்ணீர் பார்த்தவர் இல்லை. பட்டாவும் என் பெயரில்தான். கொத்தனார், "சார், இதையும் சேர்த்துக் காம்பவுண்டு போட்டுரலாமா? கார் நிறுத்த இடம் கிடைக்கும்" என்றார். போடச் சொன்னேன். அப்போது என்னிடம் கார்கூட இல்லை. வாய்க்காலை மண்போட்டு மூடி, மேலே சிமென்ட் தளம்.

2005 ஐப்பசியில் பெய்த மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தமிழ்நாடு முழுக்க வெள்ளம். ஒரு ராத்திரி விடிய விடியக் கொட்டியது. காலையில் எழுந்து பார்த்தால் என் வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆனால் மேல்பக்கத்து வீட்டில் முழங்கால் ஆழம். அங்கே ஓட்டு வீட்டில் தனியாக இருந்த ஆயா கட்டில்மேல் உட்கார்ந்திருந்தது. அரிசி மூட்டை, துணிமணி, ரேஷன் கார்டு, எல்லாம் ஊறிக் கிடந்தன. தண்ணீர் என் காம்பவுண்டுச் சுவரில் முட்டி நின்றிருந்தது.

ஆயா திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டது: "ஏங்கண்ணு, நீ காலேசுல படிச்ச புள்ளதான? உங்க தாத்தா தூர் வாரின வாய்க்கா இது. தண்ணி போற வழின்னு உனக்குத் தெரியலையா?"

குடிமராமத்து பற்றிப் பரீட்சையில் நான் எழுதிய பதில் எனக்கு ஞாபகம் வந்தது. முழு மார்க் வாங்கியிருந்தேன்.

அன்றைக்கே கடப்பாரை எடுத்துச் சுவரின் அடியில் உடைத்தேன். மழை விட்ட பிறகு தளத்தைப் பெயர்த்து, இருபதடி நீளத்துக்கு வாய்க்காலைத் திறந்தேன். ஆயா வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தேன். அது பரிகாரம் என்று நான் சொல்லவில்லை. அதன் ஈரச் சுவர் காய மூன்று மாதம் ஆனது; ஆயா இருமிக்கொண்டே இருந்தது. நான் செய்ததில் சட்டப்படி எந்தத் தப்பும் இல்லை என்று இன்றைக்கும் சொல்லலாம். ஆனால் தண்ணீர் பட்டா பார்த்து ஓடுவதில்லை.

ஏரி திரும்பி வந்தது

2010-வாக்கில் சேலம் மக்கள் குழு என்ற அமைப்பைச் சேர்ந்தவர்கள் அரசு அனுமதியோடு மூக்கனேரியைச் சீர்செய்ய இறங்கினார்கள். முதலில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. "போட்டோ எடுத்துட்டுப் போயிருவாங்க" என்றோம். அவர்கள் போகவில்லை. முள்ளை வெட்டினார்கள், குப்பையை அள்ளினார்கள். தோண்டிய வண்டலை லாரியில் ஏற்றி வெளியே கொண்டுபோகாமல், ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து அதன்மேல் மரம் நட்டார்கள். செலவும் குறைந்தது, பறவைக்கு இடமும் ஆனது. நான் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. சில ஞாயிற்றுக்கிழமைகள் போய் மண் சுமந்தேன், கொஞ்சம் பணம் கொடுத்தேன். மண்வெட்டி பிடித்த கை காய்த்தபோது தாத்தாவின் உள்ளங்கை ஞாபகம் வந்தது.

பிறகு மழை வந்தது, ஏரி நிறைந்தது, திட்டுகளில் நீர்க்காகமும் கொக்கும் வந்து உட்கார்ந்தன. எங்கள் கிணற்றில் தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு ஏறியது. கதை அங்கேயே முடிந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் அதன் பிறகும் ஆகாயத்தாமரை படர்ந்தது, சாக்கடையும் வந்தது. திரும்பவும் அள்ள வேண்டியிருந்தது. ஏரியைச் சீர்செய்வது திறப்பு விழா வைத்து முடிக்கிற வேலை இல்லை. ஆடிக்கு ஆடி செய்கிற வேலை. பழைய குடிமராமத்தின் சூட்சுமமே அதுதான். நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்றத் தமிழக அரசு 2007-இல் சட்டம் கொண்டுவந்தது. 2017-இல் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே திட்டமும் வந்தது. எல்லாம் நல்லதுதான். ஆனால் சட்டம் 1858-லும் இருந்தது. கரையில் வந்து நிற்க ஆள் இருந்தால்தான் சட்டத்துக்கு உயிர்.

முன்பு வயல் வைத்திருந்தவர்களுக்கு ஏரி வேண்டியிருந்தது. இன்று போர்வெல் வைத்திருப்பவர்களுக்கும் அதே ஏரிதான் வேண்டியிருக்கிறது. ஆனால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். எங்கள் தெருவில் இருக்கிற ஒவ்வொரு போர்வெல்காரரும் மூக்கனேரியின் ஆயக்கட்டுதாரர். இதை நான் எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் சொல்லிச் சொல்லி, "வரலாறு சார் ஆரம்பிச்சுட்டார்" என்று பெயர் வாங்கிவிட்டேன்.

முடிவாக ஒரு வேண்டுகோள்

இன்றைய மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. சேலம், நாமக்கல் சமவெளியில் நீங்கள் எந்த ஊரில் இருந்து வந்தாலும் அங்கே ஒரு ஏரி இருக்கும், அல்லது ஏரி இருந்த இடம் இருக்கும். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் போய்க் கேளுங்கள். மடை எத்தனை, கோடி எந்தப் பக்கம், வாய்க்கால் யார் வீட்டுக்கு அடியில் போகிறது என்று கேட்டு எழுதி வையுங்கள். கிராம வரைபடம் வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள். பரீட்சைக்கு வராது, ஆனால் ஒரு மழை ராத்திரியில் யாராவது ஒரு ஆயாவுக்கு உதவும்.

முன்னாள் மாணவ நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. ஓய்வு பெற்றதும் "டவுன் நெரிசல் வேண்டாம், மலையடியில ஒரு மனை பாரு" என்று எனக்குப் போன் செய்கிறீர்கள். தாராளமாக வாருங்கள். மனை பார்க்கும்போது வாஸ்து பார்ப்பதற்கு முன்னால் வாய்க்கால் பாருங்கள்.

தாத்தாவின் தோப்பில் இன்று மிச்சம் இருப்பது மூன்று மரம். இரண்டு குண்டு, ஒரு மல்கோவா. மல்கோவா ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம்தான் காய்க்கிறது. ஒன்றுகூடல் முடிந்த மறுநாள் காலையில் வருகிறவர்கள் வரலாம். ஏரிக்கரையில் ஒரு நடை நடந்துவிட்டு, வீட்டில் வந்து சாப்பிடலாம். இந்தத் தடவை கல் எறிய வேண்டாம், துறட்டி இருக்கிறது.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் நட்பு!

— முன்னாள் மாணவர், பி.ஏ. வரலாறு (1972–75)